குழந்தை பார்க்க வரும் அக்காவும் வீட்டுப் பொருட்களும்: எல்லையை எங்கே, எப்படிப் போடுவது?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவை வைக்கும்போது சம்பளம், நேரம், ஞாயிறு லீவு எல்லாவற்றையும் முதல் நாளே பேசி முடித்துவிடுகிறோம். பீரோ, ஃபிரிட்ஜ், சார்ஜர், தலைக்கு வைக்கும் எண்ணெய், மத்தியானம் ஏசி போடலாமா கூடாதா, இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. சொல்லாமலே தெரியாதா என்று நாம் நினைக்கிறோம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவர் நினைக்கிறார். பல வீடுகளில் மனக்கசப்பு தொடங்குவது சம்பளத்தில் இல்லை, இந்தப் பேசாத இடத்தில்தான்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் அடுக்குமாடி வீடு, வேலைக்குப் போகும் அப்பா அம்மா, காலையில் வந்து மாலையில் கிளம்பும் அக்கா, இந்த நிலைமையை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டோடு தங்கி வேலை பார்ப்பவருக்கு மட்டும் பொருந்தும் விஷயங்களை அங்கங்கே சொல்கிறேன். எல்லை என்றால் இரண்டு பக்கமும்தான். நம் பொருளை அவர் தொடுவது மட்டுமல்ல, அவர் பையையும் போனையும் ஆதார் கார்டையும் நாம் தொடுவதும் இதில் சேர்த்தி.

முதல் வேலை: பூட்ட வேண்டியதை நீங்களே பூட்டுங்கள்

அவர் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். தங்கம், ரொக்கம், வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், செக் புத்தகம் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். தினமும் போடாத நகைக்கு பேங்க் லாக்கர்தான் சரியான இடம். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை அதே பீரோ மேல் வைப்பது நம்மூரில் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பூட்டுவதால் அவரை அவமானப்படுத்தவில்லை. பூட்டாமல் வைத்துவிட்டுத் தினமும் மாலையில் எண்ணிப் பார்ப்பதுதான் அவமானம். பூட்டிய பொருளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது, அது அவருக்கும் நிம்மதி.

ஐநூறு ரூபாய் நோட்டைச் சோபாவில் போட்டு வைத்துப் பார் என்று ஒரு யோசனை எப்படியும் உங்கள் காதுக்கு வரும், பெரும்பாலும் பெரியவர் ஒருவரிடமிருந்து. செய்யாதீர்கள். பல வீடுகளைப் பார்த்த அக்காவுக்கு அது பரிசோதனை என்று பார்த்த உடனே புரிந்துவிடும். நோட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அவர் நேர்மையைப் பற்றி உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. உங்களைப் பற்றி அவருக்கு ஒன்று தெரிந்துவிடும்.

குழந்தையின் நகை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் குழந்தைகள் உடம்பில் நகையோடு வளர்கிறார்கள். தாத்தா போட்ட செயின், மாமா போட்ட காப்பு, வெள்ளிக் கொலுசு, அரைஞாண், காது குத்தியதும் ஒரு ஜோடித் தோடு. குழந்தையோ உருண்டு, தவழ்ந்து, இழுத்து, கடித்து விளையாடும். கொலுசின் கொக்கி நெகிழும். தோட்டின் திருகாணி தளர்ந்து கழன்று எங்காவது விழும். விழுந்தது காலையிலா, முந்தின இரவிலா என்று யாருக்கும் தெரியாது. பகல் முழுவதும் குழந்தையைக் குளிப்பாட்டி உடை மாற்றித் தூங்க வைத்தவர் அவர் என்பதால், பேச்சு நேராக அவரிடம் போய் நிற்கும்.

அதனால் பெயர் சூட்டு, காது குத்து, பிறந்தநாள் என்று விசேஷம் முடிந்ததும் தங்கத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழன்ற திருகாணியை வாயில் போட்டு விழுங்குகிற ஆபத்தும் உண்டு, அந்தக் காரணத்தைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களும் எளிதில் ஒத்துக்கொள்வார்கள். செயின் இல்லாமல் பிள்ளை மூளியாக இருக்கிறதே என்று பாட்டி வருத்தப்பட்டால், வார இறுதியில் அவர் மடியில் இருக்கும்போது போட்டுக்கொள்ளட்டும்.

காதில் தோடு கட்டாயம் இருக்க வேண்டும் என்றால், காலையில் குழந்தையைக் கையில் கொடுக்கும்போது இரண்டு பேருமாகத் திருகாணியைப் பார்த்துவிடுங்கள். மாலையில் வாங்கும்போதும் அப்படியே. நர்ஸ்கள் ஷிஃப்ட் மாற்றும்போது செய்வதுதான் இது. முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. நடுவில் திடீரென்று ஆரம்பித்தால்தான் உறுத்தும்.

பொருட்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு மாலை கணவனும் மனைவியும் உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அறையிலும், கேட்காமல் எடுக்கலாம், கேட்டுவிட்டு எடுக்கலாம், எடுக்கவே வேண்டாம் என்று பிரியுங்கள். வேடிக்கை என்னவென்றால் முதல் சண்டை உங்கள் இருவருக்குள்தான் வரும். ஏசியைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து, உங்களுக்கு ஒன்று. அது இப்போதே வந்துவிடுவது நல்லது. ஆளுக்கு ஒரு சட்டம் சொன்னால் நடுவில் மாட்டிக்கொள்வது அந்த அக்காதான்.

கேட்காமல் எடுக்கக்கூடியவற்றில் தாராளமாக இருங்கள். டீத்தூள், பால், சர்க்கரை, சோப்பு, துண்டு ஒன்று, மின்விசிறி, குழந்தை தூங்கும் நேரத்தில் டிவி, தலைவலி மாத்திரை. நாள் முழுக்க ஒரு வீட்டில் இருப்பவர் ஒரு டம்ளர் டீக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை.

கேட்டுவிட்டு என்பதில் வரக்கூடியவை: ஃபிரிட்ஜில் விருந்தாளிக்காக எடுத்து வைத்தது, வாஷிங் மெஷினில் அவர் துணியைத் துவைப்பது, மழை வந்தால் உங்கள் குடை, குழந்தையை வெளியே கூட்டிப் போவது, தெரிந்தவரை வீட்டுக்கு வரச் சொல்வது. வேண்டாம் என்பதில் பீரோ, அலுவலக லேப்டாப், உங்கள் மருந்துகள், மேக்கப் சாமான், படுக்கையறைக் கட்டில். இந்த மூன்றாவது பட்டியல் குட்டியாக இருந்தால்தான் ஞாபகம் இருக்கும்.

சீப்பு, துண்டு, உதட்டுச் சாயம் மாதிரி உடம்பில் படும் பொருட்களை இரண்டு பக்கமும் தனித்தனியாக வைத்துக்கொள்வது சுகாதாரம், அதில் சங்கடமே வேண்டாம். அவருக்கென்று ஒரு சீப்பும் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் வாங்கிப் பாத்ரூம் தட்டில் வைத்துவிட்டால் பேச்சே முடிந்தது.

தட்டும் டம்ளரும் வேறு கணக்கு

சீப்பைச் சொன்ன அதே வாயால் தட்டையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். சீப்பைக் கழுவி எல்லோரும் பயன்படுத்துவதில்லை, தட்டையும் டம்ளரையும் அப்படித்தான் பயன்படுத்துகிறோம். எவர்சில்வர் டம்ளர் இருபது இருக்கும் வீட்டில் அவருக்கு மட்டும் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் என்றால் அதன் பெயர் சுகாதாரம் இல்லை. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்துப் பேசுகிறவர்கள் வீட்டிலேயே இது சத்தமில்லாமல் நடக்கிறது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது, 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது. அதைவிட உங்களுக்கு நெருக்கமான ஒரு காரணம், உங்கள் குழந்தை மூன்று வயதில் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

பாத்ரூமும் அப்படித்தான். ஒன்பது பத்து மணி நேரம் உங்கள் வீட்டில் இருப்பவர் எந்தக் கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே, இயல்பாக, வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே சொல்லிவிடுங்கள். கீழே வாட்ச்மேன் பக்கத்தில் இருக்கிறது என்று அனுப்பினால், அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது?

போன், வைஃபை, போட்டோ

வைஃபை கொடுப்பதென்றால் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக வைத்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உங்கள் லேப்டாப்பும் வீட்டு கேமராவும் இருக்கும் நெட்வொர்க் அதிலிருந்து விலகி இருக்கும். பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி இருக்கிறது.

குழந்தையின் போட்டோதான் இதில் சிக்கலானது. பாசத்தில் எடுப்பார், ஸ்டேட்டஸிலும் வைப்பார். அவர் பார்வையில் அது பெருமை. உங்களுக்கு வேண்டாம் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். "அக்கா, பாப்பாவை நீங்க போட்டோ எடுக்கிறது எனக்கு சந்தோஷம்தான். எனக்கும் அனுப்புங்க. ஆனா ஸ்டேட்டஸ்ல மட்டும் வேண்டாம், நாங்களும் போடறதில்ல" என்று சொல்லலாம். கடைசி வரி உண்மையாக இருந்தால்தான் இது எடுபடும். நீங்கள் தினமும் ரீல்ஸ் போட்டுக்கொண்டு அவரை மட்டும் தடுத்தால் அவர் தலையாட்டிவிட்டு மனதுக்குள் சிரிப்பார்.

அவருடைய போன் அவருடையது. என்ன பார்க்கிறார் என்று திறந்து பார்ப்பது, எடுத்த போட்டோவை நீங்களே கையில் வாங்கி அழிப்பது இரண்டும் கூடாது. அழிக்கச் சொல்லுங்கள், அவரே அழிப்பார்.

கேமரா

வைப்பதில் தவறில்லை. சொல்லாமல் வைப்பதில் இருக்கிறது. எங்கே இருக்கிறது, சத்தமும் பதிவாகுமா, யார் பார்ப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே சொல்லுங்கள். அது பிடிக்காமல் வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ஹால், குழந்தை விளையாடும் இடம், வாசல் போதும். அவர் உடை மாற்றும் அறை, படுக்கும் இடம், பாத்ரூம் ஆகியவற்றில் வைத்தால் அது எல்லைப் பிரச்சினை இல்லை, குற்றம். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது.

சில்லறையும் அட்வான்ஸும்

பால், முட்டை, டயப்பர் வாங்குவதற்கு ஒரு சின்னப் பர்ஸில் வாரத்துக்கு ஒரு தொகை போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. பில் கிடைத்தால் உள்ளே போடட்டும், இல்லையென்றால் ஒரு வரி எழுதட்டும். எழுத வராதவர் என்றால் வாட்ஸ்அப்பில் குரலில் சொல்லட்டும். அவர் கைக்காசைப் போட்டு வாங்கினால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அவராக வாய் திறந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

அட்வான்ஸ் கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் வசதி. கொடுத்தால் மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதை இருவர் போனிலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் பொருட்கள்

பழைய புடவை, குழந்தைக்குச் சின்னதாகிப் போன சட்டை, மாற்றிய மிக்ஸி. கொடுப்பது நல்ல விஷயம்தான், ஆனால் இதற்குள்ளும் ஒரு எல்லை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிய வேண்டும். "இது கொடுக்கறதா இருக்கோம், உங்களுக்கு வேணுமா?" என்று கேட்பதற்கும், பையில் கட்டிக் கையில் திணிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஊசிப்போகும் தறுவாயில் இருக்கும் சாம்பாரைக் கொடுப்பது கொடுப்பதே இல்லை. தீபாவளி போனஸையும் புதுப் புடவையையும் பழைய துணியில் கழித்துக்கொள்ளாதீர்கள். அவை வேறு வேறு.

கொடுத்த பொருளை வைத்து அப்புறம் பேசுவதையும் விட்டுவிடுங்கள். கொடுத்த புடவையை அவர் தங்கைக்குக் கொடுத்துவிட்டார் என்றால் அது அவர் புடவை, அவர் தங்கை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. நிறைய குடியிருப்புகளில் வேலை முடிந்து போகும் பெண்களின் பையை கேட்டில் செக்யூரிட்டி திறந்து பார்க்கிறார். நீங்கள் கொடுத்த குக்கரோடு அவர் அங்கே நின்று விளக்கம் சொல்வது கொடுமை. கொடுத்த உடனே கேட்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள், அல்லது கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். பையைத் திறக்கும் வழக்கமே தேவையா என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கேட்டால் இன்னும் நல்லது.

அவருடைய பொருட்களுக்கு ஓர் இடம்

செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் தொங்கும் மஞ்சள் பையில்தான் அவர் உலகம் இருக்கிறது என்றால் உங்கள் வீட்டில் அவருக்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை என்று பொருள். ஒரு அலமாரித் தட்டோ, டிராயரோ ஒதுக்குங்கள். அதைக் குழந்தைக்கும் சொல்லிவைக்க வேண்டும், "இது அக்காவோடது, கேட்காம எடுக்கக் கூடாது" என்று. அம்மா பையில் கை விடக் கூடாது என்று கற்ற குழந்தை இதையும் சேர்த்துக் கற்கும்.

வீட்டோடு தங்குபவருக்கு உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய இடமும், பூட்டும் பெட்டியும், அதன் ஒரே சாவி அவர் கையிலும் இருக்க வேண்டும். சுத்தம் பண்ணுகிறேன் என்று அவர் இல்லாதபோது அதைக் கிளறாதீர்கள்.

ஆதார் கார்டு ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில், சில ஏஜென்சிகளில் இருக்கிறது. இது தவறு. அடையாளம் தெரிய வேண்டும் என்றால் நகல் போதும். அவரிடம் சொல்லிவிட்டுத் தமிழகக் காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர்கள் தங்கள் அடையாள ஆவணங்களைத் தங்கள் கையிலேயே வைத்திருக்க உரிமை உள்ளவர்கள் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

சொல்வது எப்படி, எப்போது

முதல் நாள் வேண்டாம், அன்றைக்குக் குழந்தை அழுகையே பெரிய வேலையாக இருக்கும். முதல் வாரத்துக்குள் ஒரு நாள், குழந்தை தூங்கும்போது, டீ போட்டு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பேசினால் போதும். மாமியாருக்கும் ஏதாவது சொல்ல இருந்தால் அது உங்கள் வழியாகவே போகட்டும்.

திறந்திருப்பதை முதலில் சொல்லுங்கள். "அக்கா, கிச்சன்ல எதையும் நீங்க கேக்க வேண்டாம், பசிச்சா எடுத்துச் சாப்பிடுங்க. எங்க ரூமுக்குள்ள பாப்பா துணி எடுக்க மட்டும் போனா போதும், பீரோ பக்கம் வேண்டாம். அங்க ஏதாவது காணோம்னா உங்க பேர் இழுபடக் கூடாது இல்லையா." பிறகு அவரிடம் கேளுங்கள்: "உங்க பக்கம் இது வேண்டாம், அது வேண்டாம்னு ஏதாவது இருக்கா?" முதல் தடவை ஒண்ணும் இல்லம்மா என்றுதான் சொல்வார். ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதுதான் வரும், சார் என் டிபன் பாக்ஸ்ல இருந்து எடுத்து ருசி பார்க்கறாரு என்றோ, பாட்டி என் பையை நகத்தி வைக்கறாங்க என்றோ.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, படிக்கத் தெரிந்தவர் என்றால் ஒரு பிரதி கொடுங்கள். இல்லையென்றால் அதையே குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்தவர் என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் பேசுவது அவசியம். கையசைவில் சொன்ன எல்லை எல்லையாகாது.

சொன்ன பிறகும் எடுத்தால், உடைத்தால்

உங்கள் முகக் கிரீமைப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே, தனியாக, அந்தப் பொருளைப் பற்றி மட்டும் பேசுங்கள். "இந்த கிரீம் டாக்டர் எனக்கு எழுதினது அக்கா, இது மட்டும் எடுக்காதீங்க." அவ்வளவுதான். பழைய கணக்கையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு நாள் கொட்டுவதுதான் வேலையை முறிக்கிறது. இரண்டாவது தடவையும் நடந்தால் ஞாபகப்படுத்துங்கள். மூன்றாவது தடவை என்றால் அவருக்கு உங்கள் வீடு சரிப்படவில்லை என்று மரியாதையாகப் பிரிவதைப் பற்றி யோசிக்கலாம்.

உடைவது வேறு. குழந்தை இருக்கும் வீட்டில் மிக்ஸி ஜாரும் கண்ணாடிக் கிண்ணமும் உடையத்தான் உடையும். அதைச் சம்பளத்தில் பிடித்தால் அடுத்த முறை உடைந்ததை மறைப்பார். கண்ணாடித் துண்டு தரையில் கிடப்பதை மறைக்காமல் உடனே சொல்கிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

ஏதாவது காணாமல் போனால்

முதலில் ஒரு நாள் முழுக்கத் தேடுங்கள். குழந்தை வீட்டில் பொருட்கள் போகும் இடங்கள் தெரிந்தவைதான்: சோபா இடுக்கு, வாஷிங் மெஷின் ஃபில்டர், பொம்மைக் கூடை, தொட்டில் துணியின் மடிப்பு, குளியலறை ஜாலி, குப்பைக்குக் கட்டி வைத்த டயப்பர் பை. அந்த வாரம் வீட்டுக்குள் வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பிளம்பர், தண்ணி கேன் போடுபவர், ஏசி சர்வீஸ், ஊரிலிருந்து வந்த சொந்தம். சொந்தத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

பிறகு வீட்டில் எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேளுங்கள். "தோடு ஒண்ணு காணோம், கடைசியா எப்ப பார்த்தீங்க?" இதை உங்கள் கணவரிடம், அம்மாவிடம், குழந்தை பார்க்கும் அக்காவிடம் எல்லாம் கேட்கலாம். நீங்க எடுத்தீங்களா என்ற கேள்வி ஒருவரிடம் மட்டும் போகக் கூடாது.

அவர் பையைச் சோதிப்பது, துணியை உதறச் சொல்வது, போனைப் பிடுங்கி வைப்பது, பொருள் கிடைக்கும்வரை வெளியே விடாமல் கதவைப் பூட்டுவது ஆகியவற்றில் எதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. ஒருவரை அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் வரும் குற்றம். சம்பளத்தை நிறுத்தி வைத்து உண்மையை வரவழைக்கலாம் என்பதும் வேண்டாம்.

மதிப்புள்ள பொருள், நிஜமாகவே களவு போயிருக்கிறது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இந்த இடத்தில் எச்சரிக்கை தேவை. வேலைக்கு இருப்பவர் முதலாளியின் பொருளைத் திருடுவதற்கு அதே சட்டத்தின் 306-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஊகத்தை எழுதினால் இன்னொருவர் வாழ்க்கை அதில் மாட்டும். புகாரில் பொருளின் விவரம், கடைசியாகப் பார்த்த நேரம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரின் பெயர், இவற்றை எழுதுங்கள். கண்ணால் பார்த்தது இல்லாமல் யார் எடுத்தார்கள் என்று எழுதாதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும், விதிவிலக்கான சூழல் தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. உடல் சோதனையைப் பெண்தான் செய்ய வேண்டும். ஆத்திரத்தில் ராத்திரியே ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகலாம் என்று யாராவது துள்ளினால் இதைச் சொல்லி உட்கார வையுங்கள்.

பொருள் கிடைத்துவிட்டால், தேடியதைப் போலவே கிடைத்ததையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் மேல் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள், சுற்றி வளைக்காமல்.

வேலையை விட்டுப் போகும்போது

வீட்டுச் சாவி, கேட் பாஸ், சில்லறைப் பர்ஸ் திரும்ப வர வேண்டும். செக்யூரிட்டி செயலியில் அவர் பெயரை எடுத்துவிடுங்கள், வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். இது எல்லோருக்கும் செய்வதுதான் என்று சொல்லியே செய்யலாம். அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், அட்வான்ஸ் பாக்கி இருந்தால் எழுதி வைத்த கணக்குப்படி கழித்துக்கொள்ளலாம். அவர் தட்டில் இருந்த சீப்பு, செருப்பு, டிபன் பாக்ஸ், குழந்தைக்காக அவர் வாங்கி வந்த கிலுகிலுப்பை எல்லாம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் பையில் போடுங்கள். கிலுகிலுப்பையை அவர் விட்டுவிட்டுப் போகக்கூடும். குழந்தையின் போட்டோக்களில் எவற்றை அவர் வைத்துக்கொள்ளலாம் என்பதை இருவருமாக உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்வது, இரண்டு வருடம் இடுப்பில் தூக்கி வளர்த்தவரிடம் கேட்கக்கூடியது இல்லை.